பன்னிரண்டு பேருக்கான படகு

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறினேன். ஹட்டன் நூற்றெட்டு மைல். அந்தத் தூரத்துக்குள் ரயில் நாலாயிரம் அடிக்குமேல் ஏறுகிறது. ரம்புக்கனை வரை தென்னையும் வயலும். அதன்பிறகு சுரங்கங்கள். நாவலப்பிட்டியைத் தாண்டியதும் எல்லாரும் கம்பளிச் சட்டைகளை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். என்னிடம் கம்பளிச் சட்டை இல்லை. பையில் ஒரு தபாலட்டைதான் இருந்தது. தோட்டப் பாடசாலை ஆசிரியரான என் நண்பர் இராமையா எழுதியது.

"வருகிற ஞாயிறு நாங்கள் கூட்டமாகப் படகில் போகத் திட்டமிட்டிருக்கிறோம். உமக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறேன்."

தேயிலைத் தோட்டத்தில் படகு என்பது எனக்குப் புதுச் செய்தி. ஆனால் இராமையா செய்திகளை மிகைப்படுத்துகிறவர் அல்ல.

பகல் பன்னிரண்டுக்கு ஹட்டன். நிலையத்தடிக் கடையில் பதினைந்து சதத்துக்கு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு நோர்வூட் பஸ்ஸில் ஏறினேன். எட்டு மைலுக்குச் சற்று மேல், நாற்பத்தைந்து சதம். பக்கத்தில் அமர்ந்திருந்தவர் மடியில் ஒரு சிப்பம் துணி வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி. டிக்கோயாவைக் கடந்து பாதை வளைந்தபோது கீழே பள்ளத்தாக்கு முழுதும் தண்ணீர் தெரிந்தது. அணை கட்டி நிரப்பிய முதல் வருடம் அது. நீர்மட்டத்துக்கு மேலே செம்மண் ஒரு பட்டைபோலச் சுற்றிலும் ஓடியது. பட்டுப்போன மரங்களின் உச்சிகள் தண்ணீரிலிருந்து துருத்திக்கொண்டு நின்றன.

"தண்ணி பாக்கவா வந்தீங்க?" என்று வியாபாரி கேட்டார்.

"ஆமாம்."

"நல்லாப் பாருங்க. எங்க வாப்பாட கடை அதுக்குள்ளதான் இருக்கு. பூட்டுகூடப் போடல்ல. இனி யாரு வந்து தொறக்கப் போறா?"

நோர்வூட்டிலிருந்து இரண்டு மைல் நடை. தோட்டத்தின் இந்தக் கரைப் பகுதிக்கு மேல்கணக்கு என்று பெயர், எதிர்க்கரைப் பகுதிக்குக் கீழ்க்கணக்கு. முன்பு நடுவில் ஆறு ஓடியது. ஆற்றின்மேல் ஒரு தொங்குபாலம். இந்தக் கரை லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், உலை வைத்துவிட்டு அந்த லயத்துக்குப் போய் உப்பு வாங்கி வருவார்களாம். இப்போது பாலம் நாற்பதடி ஆழத்தில் கிடக்கிறது. சுற்றிப் போனால் ஏழு மைல், நடுவில் ஒரு மலைமுகடு. பஸ் இல்லை.

அதனால்தான் படகு. கீழ்க்கணக்குக் கோயிலில் ஞாயிறன்று பொங்கல். தண்ணீர் வந்தபின் இரு கரையும் கூடப்போகும் முதல் பொங்கல். நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து லொறியில் படகு கொண்டுவந்து மீன் பிடிக்கும் பியதாச என்பவர் அவர்களை ஏற்றிப்போகச் சம்மதித்திருந்தார். பன்னிரண்டு பேர், பேருக்கு ஒரு ரூபாய். ஒரே நடைதான், காலை ஏழு மணிக்கு. ஒன்பதுக்குமேல் காற்று மாறி அலை எழும்பிவிடும், பிறகு மாலை நாலு மணிக்குத்தான் தண்ணீர் அடங்கும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பிற்பகல் நாலு மணி. பாடசாலை என்பது ஒரே அறை. நான் போனபோது வாங்குகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, இராமையா சிமெந்துத் தரையில் வெண்கட்டியால் படகு வரைந்துகொண்டிருந்தார். இருபத்திரண்டடி நீளம், நடுவில் ஐந்தடி அகலம். பியதாசவின் படகைக் கயிறு பிடித்து அளந்து வந்திருந்தார். நாளை யார் எங்கே உட்காருவது என்பதை இன்றே பழக்கிவிடவேண்டும் என்பது அவர் திட்டம். போகிறவர்களில் நீச்சல் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

பட்டியல் சின்னச்சாமிக் கங்காணியிடம் இருந்தது. ஐம்பது வயதிருக்கும். கறுப்புக் கோட்டு, காதில் பென்சில். தினமும் விடியலில் பெரட்டுக்களத்தில் ஆள் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்தனுப்புகிறவர் அவர். அதே குரலில் படகுக்கும் கூப்பிட்டார்.

"மூக்கன்!"

"இருக்கேங்க."

"முன்னுக்குப் போயி ஒக்காரு."

மூக்கன் தொழிற்சாலைக்கு விறகு பிளப்பவர். வெண்கட்டிக் கோட்டை மிதிக்காமல் காலைத் தூக்கி வைத்து உள்ளே போனார். "இத்தன வருசமா நம்மளக் கள்ளத்தோணின்னு ஏசுனாங்க. தோணிய நான் கண்ணால கண்டதே போன மாசந்தான்."

"நாளைக்கி ஏறிட்டேன்னா இனி வாய் தொறக்க ஏலாது மூக்கா. நெசமாவே தோணியில வந்தவந்தான்" என்றாள் ஒருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். இந்தியாவிலிருந்து களவாகத் தோணியில் வந்திறங்கியவர்கள் என்று தோட்டத் தமிழரை ஏசும் சொல் கள்ளத்தோணி. சிரித்தவர்களில் பாதிப்பேரின் பிரஜாவுரிமை மனு இன்னும் முடிவாகவில்லை என்று இராமையா பிறகு சொன்னார்.

கங்காணி தொடர்ந்து கூப்பிட்டார். ஒவ்வொருவராக வந்து கோட்டுக்குள் உட்கார்ந்தார்கள். கடைசியாக, "செல்லாயி, அரைப்பேரு!" என்றார். இடது முழங்காலை மடக்கமுடியாமல் ஒரு பெண் வந்து, நீட்டிய காலோடு உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும்.

இங்கே ஒரு சொல்லை விளக்கவேண்டும். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. குறித்த அளவு கொழுந்து எடுத்தால் அன்றைக்கு ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். இந்தத் தோட்டத்தில் வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் எப்போதும் அரைப்பேர்தான். செல்லாயி நாலு வருடத்துக்கு முன் கூடையோடு ஈரமான வடிகானில் சறுக்கி விழுந்தவள். அந்தக் காலோடு செங்குத்து மலையில் அளவு நிரப்ப முடியாது. அன்றிலிருந்து அரைப்பேர்.

அவள் மடியில் ஒரு சிறு மூட்டை இருந்தது. பிரித்துக் காட்டினாள். வசம்பு கோத்த வளையல் இரண்டு, கறுப்பு அரைஞாண் கயிறு, சங்கு ஒன்று. அவளுடைய தம்பி வேலு கீழ்க்கணக்கில் இருக்கிறான். தாய் தகப்பன் இல்லாமல் இவள் கையால் வளர்ந்தவன். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து நாளையோடு முப்பதாம் நாள். பத்து மணிக்குள் பெயர் சூட்டவேண்டும்.

"நாந்தாங்க அத்தை" என்றாள். "அத்தை போயிக் காதுல சொன்னாத்தான் அது பேரு. அதுக்கு முந்தி யாரு என்ன கூப்புட்டாலும் வெறுஞ் சத்தந்தான்."

"என்ன பேர் வைக்கப்போகிறீர்கள்?"

"அத மொதல்ல அவ காதுக்குத்தாங்க சொல்லணும். ஒங்களுக்கு அப்பறம்."

ஏழு மைல் நடக்கமுடியாது என்பதால் குழந்தையை அவள் இன்னும் பார்த்ததில்லை. இந்தப் படகு போனால் அவள் போவாள். போகாவிட்டால் வேறு யாராவது அந்தக் காதில் சொல்லிவிடுவார்கள்.

வெண்கட்டிப் படகில் இப்போது எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். நெருக்கமாக இருந்தது. "அரைப்பேருங்க கொஞ்சம் ஒடுங்கி ஒக்காருங்க" என்றார் கங்காணி. ஒடுங்கினார்கள். கோட்டுக்கு வெளியே ஒருவர் முழங்கையும் இல்லை. என்னையும் கூப்பிட்டு, நடுவில் விருந்தாளிக்கென்று விட்டிருந்த இடத்தில் இருத்தினார். இராமையா வாத்தியார் முறையில் கைதட்டினார். எழுந்து நிற்கக்கூடாது, ஒரு பக்கமாகச் சாயக்கூடாது, மீன் கண்டால் கூச்சல் போடக்கூடாது என்று மூன்று விதிகளைச் சொல்லி எல்லாரையும் திருப்பிச் சொல்லவைத்தார். கங்காணி பட்டியலைக் கூட்டிப்பார்த்து, "பன்னெண்டு பேரு, சரி" என்று அடிக்கோடிட்டார்.

பத்திரிகைக்காரன் வழக்கப்படி நானும் தலைகளை எண்ணிக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். என் கணக்கில் பதினைந்து வந்தது. துடுப்பு இரண்டையும் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்க மறந்தேன். மறந்தேன் என்பதும் முழு உண்மையல்ல. உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியாததா என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை ஆறே முக்கால். ஏரிமேல் பனி இடுப்பளவு நின்றது. எதிர்க்கரை தெரியவில்லை. பழைய தேயிலைச் செடிகள் வரிசை குலையாமல் சரிவில் இறங்கித் தண்ணீருக்குள் போயின. படகு அவற்றின் நடுவே ஒரு கட்டையில் கட்டியிருந்தது. பெண்கள் துவைத்த சேலை கட்டி, தலையில் பொங்கல் பானையும் அரிசியும் சுமந்து வந்தார்கள். நேற்றுப் பழகியபடியே ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். தரையில் வரைந்த படகு ஆடவில்லை, இது ஆடியது. அது ஒன்றுதான் வித்தியாசம். செல்லாயியை இரண்டு பேர் தூக்கி உள்ளே வைத்தார்கள்.

பியதாச துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு விரல் நீட்டி எண்ணினார். பன்னிரண்டைத் தாண்டியதும் குரல் உயர்ந்தது. கடைசியில், "பஹலொவ!" என்றார். தெரிந்த தமிழில் திருப்பிச் சொன்னார்: "பன்ரண்டு சொன்னது. இது பதினஞ்சி. வேணாம். போக ஏலாது."

"சரியாத்தான் இருக்கு" என்று கங்காணி கரையிலிருந்தே பட்டியல் எழுதிய கொப்பியைத் தூக்கிக் காட்டினார். அவர் கடைசியாக ஏறுவதற்காக ஒரு காலைப் படகிலும் ஒரு காலைக் கரையிலுமாக வைத்திருந்தார். "முழுப்பேரு ஒம்போது. அரைப்பேரு ஆறு. ஆறு அரைக்கி மூணு. ஒம்போதும் மூணும் பன்னெண்டு. எங்க பெசகு?"

இராமையா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். பிறகு சிங்களத்தில் விளக்கினார். பியதாச பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, இரண்டு முதியவர்களையும், பன்னிரண்டு பதின்மூன்று வயது மூன்று சிறுமிகளையும், செல்லாயியையும் உச்சி முதல் கால்வரை பார்த்தார். மற்றப் பாதியை எங்கே வைத்துவிட்டு வந்தார்கள் என்று தேடுகிறவர்போல இருந்தது. கடைசியில் படகின் விளிம்பைக் காட்டினார். விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"மூணு பேர் எறங்கணும்" என்றார்.

கங்காணி பென்சிலை எடுத்தார். அவருக்குத் தெரிந்த ஒழுங்கு ஒன்றுதான். "அரைப்பேருல மூணு எறங்குங்க. செல்லாயி, நீ எறங்கு."

செல்லாயி மூட்டையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"தண்ணி என்ன பெரட்டாங்க, கங்காணி? பாதியா எழுதிக்கிருமா? முங்குனா நான் முழுசாத்தான் முங்குவேன்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். கங்காணி கொப்பியைப் பார்த்தார். அவர் இருபது வருடமாக அதே மாதிரிக் கொப்பியைத்தான் எழுதுகிறார்.

நான் இறங்கினேன். அக்கரையில் எனக்கு யாரும் இல்லை. இது தியாகமல்ல. நேற்றே வாய் திறந்திருக்கவேண்டியவன் நான். அடுத்து மூக்கன் ஒரே தாவலில் கரைக்கு வந்தார். "எனக்கு வயித்துக் கோளாறுங்க" என்றார். தண்ணீரிலிருந்து நாலடி தள்ளிப்போய் நின்றுகொண்டார். இன்னும் ஒருவர். முதியவர்களில் ஒருவர் எழ முயன்றார்.

"ஒக்காருங்க பெரியவரே, நிக்கக்கூடாதுன்னு மாஸ்டர் சொன்னாருல்ல" என்றார் கங்காணி. பிறகு படகிலிருந்த தன் காலை எடுத்துக் கரையில் வைத்தார். அவருடைய மகளைக் கொடுத்திருந்ததும் கீழ்க்கணக்கில்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. கொப்பியில் முதல் வரியாக இருந்த தன் பெயரை அடித்தார். "எழுதுனவன் நாந்தானே" என்றார். அது யாருக்குச் சொன்னது என்று தெரியவில்லை.

ஏழு இருபதுக்குப் படகு புறப்பட்டது. பியதாசவும் அவர் மச்சினரும் துடுப்புப் போட்டார்கள். இருபது கெஜம் போனதும் பனி மூடிவிட்டது. துடுப்புச் சத்தம் மட்டும் வந்தது. கரையில் நாங்கள் மூவரும் நின்றோம். முக்கால் மணி நேரம் கழித்து, எதிர்க்கரையிலிருந்து தப்பு மேளச் சத்தம் கேட்டது.

"சேந்துட்டாங்க" என்று கங்காணி உட்கார்ந்தார். அதுவரை நின்றுகொண்டேதான் இருந்தார்.

மாலை ஐந்து மணிக்குப் படகு திரும்பியது. பன்னிரண்டு தலைகள், நானே எண்ணினேன். செல்லாயி முகத்தில் மஞ்சளும், சேலைத் தலைப்பில் முடிந்த சர்க்கரைப் பொங்கலுமாக இறங்கினாள். கங்காணியிடம் ஒரு வாழையிலைப் பொட்டலத்தைக் கொடுத்தாள். "ஒங்க மக குடுத்துச்சுங்க. நல்லா இருக்கு. வரலையேன்னு ஏசுச்சு."

அவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "பேரு வச்சியா?" என்றார்.

"காதுல மூணு தரம் சொன்னேங்க. பொன்னம்மா. ஒரு தரங்கூட அரையாச் சொல்லல."

திங்கள் காலை ஆறு மணி. இராமையாவோடு பஸ்ஸுக்கு நடக்கும் வழியில் பெரட்டுக்களம் இருந்தது. நின்று பார்த்தேன். குளிரில் கம்பளி போர்த்திக் கூடைகளோடு நின்ற பெண்களை அதே குரலில் கங்காணி கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "செல்லாயி!" "இருக்கேங்க." பென்சில் ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது. இராமையா எட்டிப் பார்த்து வந்து சொன்னார்: அரைப்பேர்தான். பேர் போடும் அளவைத் தீர்மானிப்பது கங்காணி அல்ல.

கொழும்பில் என் பத்திரிகையில் ஆட்களை எண்ணித்தான் செய்தி எழுதுகிறோம். கூட்டத்தில் இத்தனை பேர், விபத்தில் இத்தனை பேர். எண்ணும்போது யாரை எவ்வளவாக எண்ணுகிறோம் என்று நான் யோசித்ததில்லை. இனிமேலும் யோசிப்பேனா என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். அவசரத்தில் நடக்கும் தொழில் இது.

பாதை ஏரிக்கரையைத் தொடும் இடத்தில் படகு கட்டியிருந்தது. அதன் முகப்பில் பியதாச முன்பே தாரால் 12 என்று எழுதியிருந்தார். அதை நேற்றே பார்த்திருந்தேன். இன்று அதன் பக்கத்தில் தமிழில் ஒரு சொல் இருந்தது. வெண்கட்டி, வாத்தியார் கையெழுத்து. ஞாயிறு மாலையே கங்காணி நேரில் வந்து எழுதச் சொன்னாராம். அடுத்த பொங்கலுக்கு வேண்டும் என்றாராம்.

"12 தலை."