நூறு கிராமும் ஒரு கப்பும்

நூறு கிராம் கீரை எத்தனை கப், சொல்லுங்கள் பார்ப்போம்?

ஆஸ்பத்திரிச் சமையலறையில் தராசக்கா என்று பெயரெடுத்தவரிடம் கேட்டால், கத்தியை நிறுத்தாமலேயே எதிர்க்கேள்வி போடுவார். "முழு இலையா, நறுக்கினதா? அமுக்கி அளந்ததா, சும்மா அள்ளிப் போட்டதா? அதச் சொல்லாம கப்புன்னா எந்தக் கப்பு?"

பதினாறு வருடமாக நோயாளிகளுக்குக் காய் நறுக்குகிறவர். கடையில் பூசணிக்காயைப் பார்த்தால், தோலும் விதையும் போக என்ன மிஞ்சும் என்று மனதுக்குள் கழித்துவிடுவார். "என்னையும் ஒரு நாள் தோல் சீவி நிறுத்துடுவா" என்பார் கணவர். "நிறுத்தா வாய் மட்டும்தான் மிஞ்சும்" என்று உடனே பதில் வரும்.

டாக்டர்கள் எழுதும் உணவுச் சீட்டில் எல்லாம் கிராம் கணக்கு: ஆளுக்குப் பச்சைக் காய் நூறு. இருப்பது ஒரே தராசு என்பதால், புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் வரிசையில் நின்று தவித்தார்கள். அவர்களுக்காக ஒரு விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு காயையும் நிறுத்துக் கப்பில் கொட்டி, அட்டையில் எழுதினார். நூறு கிராமுக்கு நறுக்கிய கேரட் முக்கால் கப், துருவிய கோஸ் ஒன்றரை, கீரை மூன்றுக்கும் மேலே. அதைச் சுவரில் ஒட்டியபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சமையல் காண்டிராக்ட் எடுத்த கம்பெனியின் மேனேஜர் அட்டையைப் பார்த்தார், பாராட்டினார், கிழித்தார். மறுநாள் அச்சடித்த தாள் வந்தது: எந்தக் காயானாலும் ஆளுக்கு ஒரு கப். "கப்பு இருக்கறப்ப தராசு எதுக்கு?" என்று தராசையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் கேரட் வரவில்லை. வாரத்தில் ஐந்து நாள் கீரைதான்.

"சார், ஒரு கப் கீரை முப்பது கிராம்கூட வராது. புண்ணு ஆறாத பிள்ளைங்க சாப்பிடறது சார்."

"கப்புல அளக்கலாம்னு காட்டுனதே நீங்கதானம்மா?" என்று சிரித்தார் மேனேஜர். அந்தச் சிரிப்பு தராசக்காவுக்கு இன்னும் செரிக்கவில்லை.

எண்ணில் கைவைத்தால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தவர்கள் அளவையில் கைவைக்கிறார்கள். காகிதத்தில் எதுவுமே குறையவில்லை. கட்டிலில் கிடக்கிற குழந்தையின் தட்டில் எழுபது கிராம் குறைந்தது. உடம்பு தேறாவிட்டால் பழிபோடத் தலைவிதி இருக்கவே இருக்கிறது.

தினமும் மதியம் ஒரு பதிவேடு வரும். 'ஆளுக்குக் காய் நூறு கிராம் வழங்கப்பட்டது' என்று அச்சடித்திருக்கும். கீழே காய் நறுக்குகிறவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். போட மறுத்த ஒருத்தியை மறுநாள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். தராசக்கா வீட்டில் சம்பளம் அவருடையது மட்டும்தான். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார்.

நேற்று நூறை அடித்துவிட்டு முப்பது என்று எழுதினார்.

"அக்கா, நாளைக்கு உங்கள உள்ள விடமாட்டாங்கக்கா" என்றாள் பாத்திரம் கழுவுகிறவள்.

"தெரியும்டி" என்றவர், முப்பதுக்குக் கீழே நிதானமாகத் தன் முழுப்பெயரையும் எழுதினார்.

ஒற்றைப் பெயரை அவர்கள் சுலபமாகக் கிழித்துவிடுவார்கள். உங்கள் வீட்டார் யாராவது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தால், நாளைக்கே ஒரு தராசோடு அந்தச் சமையலறைக்குள் போங்கள். அடுப்பில் ஏறுமுன் காயை நிறுங்கள். வந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதி, உங்கள் பெயரையும் போடுங்கள்.