உயிரோடு இருப்பவருக்குக் கண்ணீர் அஞ்சலி

மந்தைவெளியில் பேனர் கடை வைத்துப் பிழைக்கிறவள் நான். பிறந்தநாள், காதுகுத்து, கருமாதி என்று ஜனங்கள் கேட்பதை அடித்துக் கொடுப்பேன். கட்சிக்காரன் வந்தால் மட்டும் தலைவர் முகத்தைப் பூசணிக்காய் அளவுக்கும் விஷயத்தைக் கடுகளவுக்கும் போடச் சொல்வான். அதையும் போட்டுத் தொலைப்பேன். ஆனால் போன தேர்தலில் அவர்கள் வந்து கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பிரசாரத்தின் கடைசி நாள் சாயங்காலம் இரண்டு கட்சி ஊர்வலமும் எங்கள் தெருமுனையில் நேருக்கு நேர் வந்து நின்றன. யார் முதலில் திரும்புவது என்பதுதான் தகராறு. நாட்டின் தலையெழுத்தே அந்தத் திருப்பத்தில் இருப்பதுபோல் கத்தினார்கள். பிறகு கொடிகளைக் கழற்றி எறிந்துவிட்டுக் கம்புகளோடு பாய்ந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மீன்காரியின் புருஷன் மொபெட்டில் காலி ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். அவள் என் கடைக்கு இரண்டு தெரு தள்ளி மீன் விற்கிறவள். வருஷக்கணக்காக எனக்குப் பழக்கம். அவர் கடலுக்குப் போகிறவர். எந்தக் கட்சியிலும் இல்லை, டீக்கடையில் அரசியல் பேச்சு ஆரம்பித்தால் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். கம்பு அவர் மண்டையில்தான் இறங்கியது. எந்தக் கட்சிக்காரன் அடித்தான் என்று பலருக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. வீராதி வீரர்கள் இரண்டு பக்கமும் ஓடிவிட, ஒரு ஆட்டோக்காரர்தான் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் ஷட்டரைத் தூக்கியதும் ஒரு கரைவேட்டி வந்து நின்றது. கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டுமாம். மீன்காரர் அவர்கள் கட்சித் தொண்டராம், எதிர்க்கட்சி ரவுடிகள் கொன்றுவிட்டார்கள் என்று போட வேண்டுமாம். அவர் ஆஸ்பத்திரியில் உயிரோடுதானே இருக்கிறார் என்றேன்.

"இப்பவோ அப்பவோன்னுதான் கீறாரு மேடம். நாளைக்கு ஓட்டு. நீங்க டிசைனை ரெடி பண்ணி வெச்சிடுங்க."

அப்புறம் எனக்குப் பாடம் வேறு நடத்தினான். பிரசாரம் முடிந்தபின் கட்சி பேனர் வைத்தால் அதிகாரிகள் பிடுங்கிவிடுவார்களாம். செத்தவனுக்கு அஞ்சலி என்றால் தொடத் தயங்குவார்களாம். தலைவர் படத்தையும் மேலே பெரிதாகப் போட்டுக்கொள்ளலாமாம். எப்பேர்ப்பட்ட மூளை பாருங்கள். வெளியே போ என்றேன். அவன் போன சூடு ஆறுவதற்குள் இன்னொரு கட்சிக்காரன் வந்து அதே கதையைச் சொன்னான். வேட்டியின் கரை மட்டும்தான் வேறு. அவனையும் துரத்தினேன்.

ஊரில் நான் ஒருத்திதான் கடை வைத்திருக்கிறேனா என்ன? ஓட்டுப் போட்டுவிட்டு வரும்போது பார்க்கிறேன், அதே முனையில் சாலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டிலும் அவர் படம். மீன்காரி மகளின் காதுகுத்துக்கு நான் அடித்துக் கொடுத்த பேனரிலிருந்து செல்போனில் எடுத்த படம் அது. மகளை வெட்டி எடுத்தவர்களுக்கு அவளுடைய கையை முழுசாக வெட்டத் தெரியவில்லை. அப்பாவின் தோளில் இரண்டு பிஞ்சு விரல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டு பேனரிலும் அப்படியே. தியாகியாம், மாவீரனாம், கட்சியின் தூணாம். த்தூ.

அதற்கும் மேலே ஒரு கொடுமை. வீட்டில் குளித்து மாற்றிக்கொண்டு போகலாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மீன்காரி பஸ்ஸை விட்டு இறங்கியது அந்த முனையில்தான். கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்தையும் புருஷன் படத்தையும் பார்த்தவள், நான் பஸ் ஏறி வர்றதுக்குள்ளயே போய்ட்டியா என்று அலறியபடி நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய், பொய்டி, இந்த நாய்கள் போட்டது பொய் என்று எத்தனை சொல்லியும் காதில் ஏறவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். வார்டில் அவர் கண்ணைத் திறந்து மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அவள் அவருடைய பாதத்தைத் தொட்டுத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்தாள். விட்டுவிட்டு மறுபடியும் தொட்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அவர் பிழைத்தார். வலது கை போனது போனதுதான். வாயும் கோணிக்கொண்டது, பேச்சு அவளுக்கு மட்டும் புரிகிற மாதிரி ஆகிவிட்டது. கடலுக்குப் போன மனிதர் அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இடது கையால் ஈ ஓட்ட ஆரம்பித்தார். ஒருத்தன் ஜெயித்தான், பட்டாசு வெடித்தான். ஒருத்தன் தோற்றான், அவனும் எதற்கோ வெடித்தான். இவரை எட்டிப் பார்க்க ஒரு நாதி இல்லை. செத்தால் தியாகி, பிழைத்தால் யாரோ.

போலீஸ், கேஸ் என்று அலைந்து அலைந்து அவள் ஓய்ந்துவிட்டாள். ஒருநாள் எனக்குச் சங்கரா மீன் சுத்தம் செய்துகொண்டே சொன்னாள்.

"அட்ச்சவன் ஜெயிலுக்குப் போவ வேணாங்க்கா. துட்டும் வேணாம். எவனா ஒருத்தன் வந்து, இந்த மன்சன் மூஞ்சியப் பாத்து, எப்டி கீறேன்னு ஒரு வார்த்த கேட்டா போதும்."

ஒரு வருஷம் ஆயிற்று. என்னிடம் முதலில் வந்த அதே கரைவேட்டி மறுபடியும் கடைக்கு வந்தது. இந்தத் தடவை முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. அதே படத்தைச் செல்போனில் வைத்திருந்தான், தோளில் அதே விரல்களோடு. இந்த ஒரு வருஷத்தில் தங்கள் தியாகி செத்தாரா இருக்கிறாரா என்று விசாரிக்க அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அதை அடக்கிக்கொண்டு, படம் நன்றாக இல்லை, அவர் வீட்டு ஆட்கள் பக்கத்தில்தான் மீன் விற்கிறார்கள், வாருங்கள் வேறு வாங்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன்.

கடை வாசலில் நின்றவன் ஸ்டூலில் இருந்தவரைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பிறகு அவளிடம் திரும்பி வஞ்சிரம் என்ன விலை என்றான். பேரம் பேசினான். துண்டு பெரிதாக இருக்கிறது, மெல்லிசாகப் போடு என்றான். அவள் வெட்டிப் பையில் போட்டுக் கொடுத்தாள். நோட்டைக் கொடுத்துப் பையை வாங்கிக்கொண்டுதான், படம் யாரிடம் கேட்பது என்று என்னிடம் கேட்டான்.

"அவர்கிட்டயே கேளுங்க. ஈ ஓட்டிக்கிட்டு இருக்கார் பாருங்க, அவர்தான் உங்க தியாகி."

அவன் செல்போனைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், மறுபடி செல்போனைப் பார்த்தான். அவருடைய வாய் ஏதோ சொல்ல முயன்று இழுத்தது. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருஷம் பூராவும் அவள் காத்திருந்தது இதற்குத்தான், அந்த ஒரு வார்த்தைக்கு.

அவன் என் பக்கம் திரும்பினான்.

"அப்ப அஞ்சலி வேணாம் மேடம். 'வாழும் தியாகி'ன்னு மாத்திடுங்க. படம் இதே இருக்கட்டும், இப்ப கீற மூஞ்சி பேனருக்கு செட் ஆவாது."

அவள் எழுந்து வந்தாள். அவன் கையிலிருந்த பையை வாங்கி, வெட்டிய துண்டுகளைத் திரும்பவும் பலகையில் கொட்டினாள். அவன் கொடுத்த நோட்டை அவன் சட்டைப் பையிலேயே செருகினாள்.

"மீன் இல்ல நைனா. கெளம்பு," என்றாள். பிறகு புருஷன் பக்கம் குனிந்து, வாயோரம் வழிந்ததை முந்தானையால் துடைத்துவிட்டாள்.