குங்கும டப்பாவில் வந்த ஜெல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆவணி மாதம். திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் செக்சனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமத்தூரிலிருந்து தினமும் பஸ். ஆடி போனதும் காலண்டர் சீசன் சூடு பிடித்துவிடும். நாள்தாள்களைக் கட்டுக் கட்டாக அடுக்கி, கட்டின் தலைப்பில் தகரப் பட்டை வைத்து அடித்து, அட்டையில் ஏற்றுவதுதான் எங்கள் வேலை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும்.

அப்போது நான் உண்டாகியிருந்தேன். அது அந்த வரிசையில் யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்று நானே மறைத்து வைத்திருந்தேன். எங்கள் பக்கம் மூன்றாம் மாதம் முடியாமல் வெளியில் சொல்ல மாட்டோம், கண்ணு பட்டுவிடும் என்பார்கள். முந்தின வருடம் அதையெல்லாம் நான் கேட்கவில்லை. நாள் தள்ளிப்போனது தெரிந்ததுமே, பொங்கி வந்த சந்தோஷத்தில் செக்சன் முழுக்கச் சொல்லிவிட்டேன். ஒருத்தி மாங்காய் கொண்டுவந்தாள், ஒருத்தி புளியோதரை கட்டி வந்தாள். கொஞ்ச நாளில் கரு கலைந்துபோனது. திரும்ப வேலைக்குப் போன அன்று ஒவ்வொருத்தியாக வந்து ஆறுதல் சொன்னார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கலைந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

அதனால் இந்தத் தடவை என் வீட்டுக்காரர், மாமியார், சிவகாசியில் நான் பார்க்கும் லேடி டாக்டர், இந்த மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். வாயை மூடிவிட்டேன். ஆனால் முகத்தை மூட முடியவில்லையே! தாடையிலும் கன்னத்திலும் பருக்கள் பொரிந்து தள்ளிவிட்டன. வயதுக்கு வந்த காலத்தில்கூட எனக்கு அப்படி வந்ததில்லை.

எங்கள் வரிசையில் ஓர் அக்கா உண்டு. அவருக்கு இருப்பது கண் இல்லை, எக்ஸ்ரே மிஷின். ஒருநாள் என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

“என்னத்தா, மூஞ்சியெல்லாம் பொரிஞ்சு கெடக்கு? ஏதும் விசேஷமா?”

எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. “வெயில் சூடுக்கா. விசேஷமெல்லாம் உங்க வீட்டோட வச்சுக்கோங்க!” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுத் தகரத்தை ஓங்கி அடித்தேன். வரிசையே சிரித்தது. இந்தப் பருக்கள் இப்படியே இருந்தால் நாலு நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது.

எனக்குப் பக்கத்து இடத்தில் உட்காருகிறவள் என் தோழி. என்னைவிடச் சின்னவள், அப்போது கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கும் பரு தொல்லை பல வருடமாக இருந்தது. யாரோ சொன்னார்கள் என்று கடையில் விற்கும் சிவப்பழகு கிரீமையெல்லாம் பூசி இன்னும் மோசமாக்கிக்கொண்டு, கடைசியில் விருதுநகரில் ஒரு தோல் டாக்டரிடம் போனாள். அவர் எழுதிக்கொடுத்த ஜெல்லை ஒழுங்காகப் போட்டுவந்ததில் முகம் தெளிய ஆரம்பித்திருந்தது. எனக்கும் கொஞ்சம் கொடு என்று கேட்டேன். அவள் தயங்கினாள்.

“டாக்டர் என்னையப் பாத்து எனக்குன்னு எழுதுனதுக்கா.”

“உன் பரு வேற, என் பரு வேறயா? ஊறுகாயிலருந்து பவுடர் வரைக்கும் பங்கு போடுறோம், இதுக்கு மட்டும் என்ன?” என்று மடக்கினேன். என் வாய்க்கு யார் பதில் சொல்வது? மறுநாள் ஒரு காலிக் குங்கும டப்பாவில் பாதி ஜெல்லைப் பிதுக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தாள்.

“ராத்திரி மட்டுந்தான்க்கா. மூஞ்சியக் களுவி, ஈரம் நல்லாக் காஞ்ச பெறகு போடணும். மூஞ்சி பூராவுக்கும் சேத்து ஒரு பட்டாணி அளவு, அம்புட்டுத்தான். கண்ணு, ஒதட்டோரம் கொண்டுபோயிராதீக. பகல்ல வெயில்ல போனா சன்ஸ்கிரீன் போடணும். ரொம்ப எரிஞ்சா நிறுத்திட்டு டாக்டரப் பாக்கணும்.”

அவள் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் டாக்டர் அவளிடம் முதலிலேயே கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றிருக்கிறாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிட்டது. டியூபோடு வந்த துண்டுத்தாள் பொடி எழுத்து இங்கிலீஷ். அதை அவள் படிக்கவில்லை. எனக்கு வந்ததோ வெறும் டப்பா. அதில் எழுத்தே கிடையாது.

மாத்திரை என்றால் தலைவலிக்குக்கூட டாக்டரைக் கேட்காமல் போட்டிருக்க மாட்டேன். அவ்வளவு பயந்து பயந்துதான் இருந்தேன். ஆனால் இது தடவுகிறதுதானே, மஞ்சள் மாதிரி, பவுடர் மாதிரி மேலோடு போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன். அவசரம் வேறு. பட்டாணி அளவு எனக்கு மொச்சை அளவாகிவிட்டது. சில நாள் காலையிலும் போட்டேன். முகம் சிவந்து, தோல் செதில் செதிலாக உரிந்தது. பஸ் ஸ்டாப் வெயிலில் நின்றால் மிளகாய் அரைத்துப் பூசினது போல எரிந்தது. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கிட்டத்தட்ட இரண்டு வாரம் இப்படியே ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அத்தை, அதாவது என் மாமியார், அடுப்பில் கறி வைத்திருந்தார். அந்த வாடையே எனக்கு ஆகவில்லை. கொல்லைப்புறத்தில் துவைகல்லில் போய் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் போயிருந்தார். திடீரென்று பார்த்தால் தோழி வந்து நிற்கிறாள். திருத்தங்கலிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். அதற்கு முன்னால் போன் பண்ணியிருக்கிறாள். அத்தை எடுத்து, நான் குளித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அத்தையிடம் விஷயத்தைச் சொல்லப் பயந்துபோய் வைத்துவிட்டு, நேரிலேயே கிளம்பி வந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை.

“அக்கா, கோவிச்சுக்கிடாதீக. ஒண்ணு கேக்கணும். ஒங்களுக்கு நாள் எதும் தள்ளிப் போயிருக்கா?”

எனக்கு வந்ததே கோபம். “ஏன், நீயும் ஆரம்பிச்சுட்டியா? அந்த அக்கா வேவு பாத்துட்டு வரச் சொன்னாகளா? இதக் கேக்கத்தான் பஸ் ஏறி வந்தியா? போடி பேசாம!” என்று கத்தினேன்.

வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிடமே திரும்பிப் போயிருப்பார்கள். அவள் அசையவில்லை. “திட்டுங்கக்கா. எம்புட்டு வேணும்னாலும் திட்டுங்க. ஆனா பதிலச் சொல்லிட்டுத் திட்டுங்க,” என்றாள்.

பிறகு மூச்சு வாங்கச் சொன்னாள். முந்தின நாள் சாயங்காலம் விருதுநகர் போய், சீட்டைக் காட்டி அடுத்த டியூப் வாங்கியிருக்கிறாள். மெடிக்கல் கடையில் மருந்து எடுத்துக்கொடுக்கும் பெண் அவளிடம், நீங்கள்தான் போடுகிறீர்களா, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டிருக்கிறார். இவள் இல்லை என்றதும், “நல்லது. புள்ள உண்டாகியிருக்கவுக இதப் போடக் கூடாது. ஒங்களுக்குக் கல்யாணம் ஆச்சுன்னா டாக்டர்கிட்டச் சொல்லிருங்க. வேற யாருக்கும் குடுத்துறாதீக,” என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், இவளுக்கு என் ஞாபகம் வந்துவிட்டது. நான் உண்டாகியிருப்பது இவளுக்குத் தெரியாது. ஒருவேளை இருந்தால் என்ற ஒரே நினைப்பில் ராத்திரி முழுக்கத் தூங்காமல், காலையில் அந்த டியூபோடு கிளம்பி வந்திருக்கிறாள்.

போன பிள்ளை போய்விட்டது, இந்தப் பிள்ளையை நானே என் கையால் ஏதோ செய்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. தலையாட்ட மட்டும்தான் முடிந்தது. என் முகத்தைப் பார்த்து அவள் முகமும் செத்துப்போனது.

பின்னாலேயே கரண்டியோடு அத்தை நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். ஐயோ, இன்றைக்கு இவள் தொலைந்தாள் என்று நினைத்தேன். அத்தை வாயைத் திறந்தால் தெரு கூடிவிடும். ஆனால் அவர் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். “கறி கெடக்குது. சேலைய மாத்துத்தா, டாக்டரம்மாட்டப் போவோம்,” என்றார். தோழியிடம், “நீயும் வா. அந்த டியூபக் கையோட கொண்டா,” என்றார்.

சிவகாசி ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை உள்நோயாளிகளை மட்டும்தான் பார்ப்பார்கள். நர்ஸ் விடவில்லை. அங்கேதான் அத்தையின் வாய் உதவியது. டாக்டர் சத்தம் கேட்டு வெளியில் வந்து, எங்களை உள்ளே கூப்பிட்டார். டியூபை வாங்கித் தூரமாகப் பிடித்துப் படித்தார். எத்தனை நாள், எவ்வளவு, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிட்டாயா என்று நிதானமாகக் கேட்டார்.

“என் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதில்ல டாக்டர்?” என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

“ஒண்ணுமே ஆகாதுன்னு எந்தப் பிள்ளைக்கும் எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க முடியாதும்மா. ஆனா முகத்துல தடவுறது ரத்தத்துல ரொம்பக் கொஞ்சம்தான் சேரும். இதே வகையில மாத்திரை சாப்பிட்டிருந்தா கதை வேற. இதுக்காக நீ பயந்து சாக வேண்டாம். இன்னைக்கோட நிறுத்திடு,” என்றார். கர்ப்பத்தில் பரு வருவது உண்டு, தேவைப்பட்டால் அதற்கென்று போடக்கூடிய வேறு மருந்து இருக்கிறது, தோல் டாக்டரிடம் போனால் கர்ப்பம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல் என்றார். தோழியைப் பார்த்து, “உனக்கு இது சரியான மருந்து. விடாமப் போடு. ஆனா உனக்கு மட்டும்,” என்றார்.

வெளியே வந்ததும் தோழி சுவரில் சாய்ந்து விம்மி விம்மி அழுதாள். நான்தான் குடுத்தேன், நான்தான் குடுத்தேன் என்று அதையே சொன்னாள். அத்தை அவள் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். “அழாதத்தா. நீ மட்டும் வரலைன்னா இவ டப்பாவ வழிச்சு வழிச்சுல்ல பூசியிருப்பா!” என்றார். அந்த நிலைமையிலும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து, அந்தக் கறியைச் சூடுபண்ணிச் சோறு போட்டுத்தான் அனுப்பினார் அத்தை.

டாக்டர் தைரியம் சொன்னாலும் மனசு கேட்குமா? ஐந்தாம் மாத ஸ்கேன் வரைக்கும் நான் நானாக இல்லை. ஸ்கேன் அன்று தோழி லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். கை, கால், இதயம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னதும் நாங்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்து, ஏதோ கெட்ட செய்தி என்று வெளியில் இருந்தவர்கள் பதறிவிட்டார்கள்.

மறுநாள் செக்சனில் நானே வாயைத் திறந்து சொன்னேன். அந்த எக்ஸ்ரே அக்கா அலட்டிக்கொள்ளவே இல்லை. “அப்பவே தெரியும் போ. தெரியாமத்தான் அம்புட்டுத் தாள்கட்டையும் நானே தூக்கியாந்து ஒன் பக்கத்துல வச்சேனாக்கும்?” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆமாம், அத்தனை நாளாகக் கனத்த கட்டு எதையும் நான் எழுந்துபோய்த் தூக்கவே இல்லை. யார் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். “சீ, விடு, பசை ஒட்டுது,” என்றார்.

மகள் பிறந்தாள். தலைமுடி சுருண்டு, குறையொன்றுமில்லாமல் பிறந்தாள். கைப்பிள்ளையோடு விருதுநகர் போனபோது அந்த மெடிக்கல் கடையைத் தேடிப் போனோம். தோழிதான் அந்தப் பெண்ணை அடையாளம் காட்டினாள். நடந்ததைச் சொல்லி நன்றி சொன்னேன். அவருக்கு எங்களைச் சுத்தமாக ஞாபகம் இல்லை. “எல்லாருகிட்டயும் கேக்குறதுதானக்கா. செல பேரு மொறைப்பாக, செல பேரு கடையவே மாத்திட்டுப் போயிருவாக,” என்று சிரித்தார். என் மகளின் பாதத்தைத் தொட்டுக் கொஞ்சினார். நான் அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

டாக்டர் எழுதும் மருந்து, அவர் நம்மைப் பார்த்து நம்மிடம் கேட்ட கேள்விகளோடு சேர்த்துத்தான் மருந்து. டப்பாவில் பிதுக்கிக் கொடுத்தால் மருந்து மட்டும்தான் வரும், அந்தக் கேள்விகள் வருவதில்லை. இதை இப்போது நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன்.

என் கோபம் மட்டும் குறைந்தபாடில்லை. யாராவது என்னைப் பற்றி ஏதாவது கேட்டால் இன்றைக்கும் சுள்ளென்றுதான் வருகிறது, மாறிவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் முகத்துக்குப் பயந்து அன்றைக்கு என் தோழி கேட்காமலே திரும்பிப் போயிருந்தால் என்று ஒரு கணம் நினைத்தால் போதும், திட்ட வந்த வாய் தானாக அடங்கி, கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறது.