வெள்ளைப் பக்கம் வெளியே

தாம்பரத்தில் நான் இப்போது தங்கியிருக்கும் அறையில், சட்டை மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் ஒரு ஹோல்டர் தொங்குகிறது. பழைய பெரிய பத்திரிகைக் கேமராவின் முதுகில், ஃபிலிம் தாளை வைத்துச் செருகும் தட்டையான மரச்சட்டம். அதற்கு ஒரு தகட்டு மூடி. மூடியின் விளிம்பு ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. வெள்ளை வெளியே தெரிந்தால் உள்ளே புதுத் தாள் என்று அர்த்தம். படம் எடுத்ததும் மூடியைத் திருப்பி, கறுப்பு தெரியும்படி செருக வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் அஸ்தினாபுரத்தில் குடியிருந்த ஒரு டீச்சர்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். லாரி கிளீனர், காட்டாங்குளத்தூரில் ஹாஸ்டல் மெஸ், வண்டலூரில் வாட்ச்மேன் என்று எதிலும் நிலைக்காமல், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தார்ப்பாய் விரித்துப் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்தேன். வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப் போகிறார்கள், பழைய சாமான்களை வந்து பார் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். இறந்துபோன அவர் கணவர் பத்திரிகைப் போட்டோகிராஃபர். அலமாரியில் அவருடைய கேமராக்கள் வயது வரிசையில் நின்றன. முதலில் தோல் துருத்தியும் கிண்ணம் போன்ற ஃபிளாஷும் வைத்த பெரிய பெட்டி. ஒரு தாளுக்கு ஒரு படம், ஒவ்வொரு முறையும் மூடியை உருவிச் செருக வேண்டும். அடுத்து, கழுத்தில் தொங்கவிட்டுக் குனிந்து பார்க்கும் இரட்டைக் கண் ரோல் கேமரா. பிறகு கைக்குள் அடங்கும் சின்ன ஃபிலிம் கேமரா. கடைசியில் ஒரு டிஜிட்டல்.

"ஒவ்வொண்ணும் மாறினப்பவும் அவருக்குத் தோள்வலி கொறஞ்சுது. ஆபீஸ்ல அவசரம் ஜாஸ்தியாச்சு" என்றார் டீச்சர்.

சுவரில் இருந்த ஒரு படத்தை மட்டும் தொட வேண்டாம் என்றார். ரோட்டில் கவிழ்ந்து கிடக்கும் லாரி, சுற்றிலும் கூட்டம். டயருக்குள்ளிருந்து ஒரு குழந்தையின் முகம் பாதி தெரிந்தது. பெரிய கேமராவில் மிச்சமிருந்த தாளில் அவர் தன் மகளை எடுத்திருக்கிறார். எடுத்த கையோடு குழந்தை வீறிட்டு அழ, தூக்க ஓடும் அவசரத்தில் மூடியைத் திருப்பாமல் வெள்ளை தெரியவே செருகிவிட்டார். மறுநாள் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி கவிழ்ந்தது. புதுத் தாள் என்று நினைத்து அதிலேயே அதையும் எடுக்க, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்துவிட்டன. ஆபீசில் நல்ல திட்டு. அதன் பிறகுதான் ரோல் கேமரா வாங்கினார்.

"அதுல மொதல் படம் அவளத்தான் எடுக்கணும்னு வெச்சிருந்தார். அதுக்குள்ள ஜுரம் வந்து போயிட்டா." பால் பாக்கெட் வரவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார் டீச்சர். அவளுக்கு வேறு படம் கிடையாது. "எனக்கு மொகமே மறந்துபோச்சுப்பா. லாரிய எடுத்துட்டு அவள மட்டும் காட்ட முடியுமா? இப்பதான் என்னென்னமோ செய்யறாங்களே."

படத்தைத் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் கூட்டாளியிடம் கொண்டுபோனேன்.

"இன்னா மச்சான், கொயந்தைய லாரிக்குள்ள ஏத்திகினு வந்துகீற?"

"வாயக் கழுவு. மூஞ்சி மட்டும் வரணும்."

"பாதிதானே கீது? மீதிய கம்ப்யூட்டரே போட்டுக்கும், குந்து."

டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது. கொழுத்த கன்னம், இரண்டு கண், ஒரு சிரிப்பு. தூசிகூட இல்லை.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அழகா இருக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, "இது அவதானான்னு எனக்குத் தெரியல. அவர் இருந்தா சொல்லியிருப்பார்." கேமராக்களைச் சாக்கில் கட்டினேன். கிளம்பும்போது, மகளை எடுத்த அந்த ஹோல்டரை நீட்டினார். "உள்ள ஒண்ணும் இல்ல. நீ வெச்சுக்கோ."

கேமராக்களை ஷூட்டிங் சாமான் வாடகைக்கு விடுபவர் வாங்கிக்கொண்டு போனார். டீச்சர் இரண்டு படங்களையும் ஒரே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அந்த இடத்தில் இப்போது ஃபிளாட் நிற்கிறது. சந்தையையும் விட்டுவிட்டேன், வேறு வேலை.

ஹோல்டர் என் கைக்கு வந்த மாதிரியே இருக்கிறது, வெள்ளைப் பக்கம் வெளியே. காலையில் சட்டையை எடுக்கும்போது கை அதன்மேல் படும். மூடியை உருவி, கறுப்பு தெரியும்படி திருப்பிச் செருகினால் என்ன என்று தோன்றும். சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறேன்.