சுந்தரபாண்டி எடுத்து வந்த ஜெராக்ஸ்

முருகலட்சுமியும் நானும் அருப்புக்கோட்டையில் ஒரே நூல் மில்லில் வேலை பார்க்கிறோம். மில் வேனில் அவள் பரளச்சியில் ஏறினால் எனக்குப் பக்கத்து சீட்டுதான். எந்த வெயிலுக்கும் முழங்கை மூடிய ரவிக்கைதான் போடுவாள். ஒரு நாள் கையைத் தூக்கியபோதுதான் கன்றிப்போன இடம் தெரிந்தது. கேட்டதற்கு, "அவுகளுக்குக் கோவம் வந்தா அப்படித்தான், தெரசாக்கா" என்றாள். அவளுக்கு அவுக, எனக்கு அவன். புருசன் பேர் சுந்தரபாண்டி. அவர்களுக்கு ஒரு மகள்.

விவாகரத்து வாங்கித் தீர்த்துவிட வேண்டும் என்று வாய் திறந்து சொல்லவே அவளுக்கு ரொம்ப நாள் ஆயிற்று. அருப்புக்கோட்டையில் வக்கீலுக்கா பஞ்சம்? ஆனால் உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எந்த ஊரும்மா, எந்த வகையறா?" பதில் சொன்னால் போச்சு, சுந்தரபாண்டிக்கு மாமனோ பங்காளியோ ஆகிவிடுவார்கள். நாங்கள் பார்த்த முதல் ஆள், "மாப்ளைய வரச்சொல்லிப் பேசுவோம்" என்று போனைக் கையில் எடுத்தார். கெஞ்சிக் கும்பிட்டுவிட்டு ஓடி வந்தோம். அடுத்தவர் கேட்ட பீஸைக் கேட்டு அவளுக்கு மயக்கமே வந்துவிட்டது. சம்பளம் ஏறுகிற ஏடிஎம் கார்டு அவன் சட்டைப்பையில் இருக்கிறது, இவள் எங்கே போவாள்?

கடைசியில் கோர்ட்டு வளாகத்திலேயே இருக்கும் இலவச சட்ட உதவிக்குப் போனோம். பெண்களுக்கு அங்கே வக்கீல் பீஸ் கிடையாது. வாசலிலேயே போர்டு வைத்திருக்கிறார்கள், நாங்கள்தான் படிக்கவில்லை. அங்கே கிடைத்த வக்கீல் அஷ்லின், சின்னப் பெண். வகையறா கேட்கவில்லை. நடந்ததை மட்டும் கேட்டுக்கொண்டு, வக்காலத்தில் கையெழுத்துப் போட அடுத்த வாரம் வரச் சொன்னாள்.

அதற்குள் எந்தப் புண்ணியவானோ முருகலட்சுமியைக் கோர்ட்டில் பார்த்ததாக அவனிடம் போட்டுக் கொடுத்துவிட்டான். "அங்க உனக்கென்னடி சோலி?" என்று கேட்டிருக்கிறான். பயத்தில் இவள், "எங்கய்யா காட்டுல பங்கு கேட்டு அண்ணன் மேல கேஸ் போடப் போனேன்" என்று உளறிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து பாதி அடி அந்தக் கரிசல் காட்டில் பங்கு வாங்கி வரச் சொல்லித்தான். அன்றைக்கு அடி விழவில்லை, புரோட்டா வந்தது. "கையெழுத்துப் போட நானும் வாரேன்" என்று சொல்லிவிட்டான்.

வந்தான், சலவை வேட்டி கட்டிக்கொண்டு. வழி காட்டுகிற சாக்கில் நானும் போனேன். இவள் சொன்ன பொய் அஷ்லினுக்குத் தெரியாது. எத்தனையோ தடவை போன் போட்டும் எடுக்கவில்லை. அந்தப் பெண் "விவாகரத்து" என்று ஒரு சொல் சொன்னால் இவள் கதி என்ன?

"நான் இவ வீட்டுக்காரரு. நெலத்துக் கேஸ் விசயமா வந்தோம்" என்றான்.

அஷ்லின் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு, முந்தானையை விடாமல் முறுக்கிக்கொண்டிருந்த முருகலட்சுமியின் கையைப் பார்த்தாள்.

"ஆதார் கார்டு ஜெராக்ஸ் வேணும் சார். அவங்களோடது, உங்களோடது, ரெண்டும் எடுத்துட்டு வந்துருங்க" என்றாள்.

அவன் போனான். முருகலட்சுமி கையெழுத்துப் போட்டாள். வியர்வையில் பேனா வழுக்கியது.

"கோர்ட்டு நோட்டீஸ் போறதுக்குள்ள பொண்ணக் கூட்டிக்கிட்டு அந்த வீட்ட விட்டு வெளிய வந்துரணும். எங்க போவீங்க?" என்று அஷ்லின் கேட்டாள்.

முருகலட்சுமி என்னைப் பார்த்தாள். "பந்தல்குடியில எங்க வீட்டுக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் அவன் என் வாசலில் வந்து நிற்பது ஞாபகம் வந்தது. பயமாக இருந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அவன் திரும்பி வந்து ஜெராக்ஸை மேசையில் வைத்தான். தன் மேல் போடுகிற வழக்குக்குத் தானே செலவழித்துவிட்டு வந்த முதல் ஆள் இவனாகத்தான் இருப்பான். சிரிக்கத்தான் முடியவில்லை.

"நோட்டீஸு எப்ப போகும்மா?"

"கேஸை கோர்ட்டுல எடுத்ததும், எதிர்த்தரப்புக்குப் போயிரும்."

படி இறங்கும்போது அவனுக்கு வாயெல்லாம் பல். "ஒங்கண்ணன் அந்தக் கவரப் பிரிக்கும்போது அவன் மூஞ்சிய நான் பாக்கணும்டி. நீயும் எம் பக்கத்துல நிக்கணும்."

"சரி" என்றாள்.

பைக்கில் அவனுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் வாசல் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன். ஆணி கழன்று ஆடியது. அன்றைக்கே ஆசாரியை வரச்சொல்லி, கனத்த தாழ்ப்பாளாக ஒன்று போட்டுவிட்டேன்.