பத்தொன்பது பாட்டும் ஒரு பாதியும்

என்னிடம் அந்தக் குழுவின் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் தொகுப்புகள் மட்டும் ஏழு இருக்கின்றன. அவர்கள் ஒழுங்காக உட்கார்ந்து உருவாக்கிய ஆல்பம் ஒன்றுகூட இல்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை. குழுவின் பெயரை மட்டும் எழுதமாட்டேன். எழுதினால், அவர்களைத் தங்களுக்குத்தான் சரியாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். அப்படி ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார், அவரைச் சமாளிப்பதே பெரிய வேலை.

அவர் என் கணவர். யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு ஃபைலை முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை படிக்காமல் கையெழுத்து வைத்ததே கிடையாது. பாட்டையும் அப்படித்தான் கேட்பார். "ஒரு ஆல்பத்தை முழுசாக் கேட்டாத்தான் அந்த மனுசர் என்ன நினைச்சவை எண்டு விளங்கும். நீர் கேக்கிறது பாட்டில்லை, பாட்டின்ர பொழிப்பு" என்று கல்யாணமான முதல் வருஷம் சொன்னார். இன்றும் அதையேதான் சொல்கிறார்.

அவருக்கு நான் சொல்லும் பதில் எளிது. முழு ஆல்பத்தில் நாலு பாட்டு நன்றாக இருக்கும். மிச்சம் ஆறும் அந்த நாலுக்குத் துணைக்கு வந்தவை. தொகுப்பில் துணைக்கு வந்தவர்கள் யாரும் இல்லை, எல்லாருமே மாப்பிள்ளை. ஊசியை எங்கே வைத்தாலும், எந்தப் பொத்தானை அமத்தினாலும், தெரிந்த ஒருவர் கதவைத் திறக்கிறார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்து, விடைத்தாள் திருத்தித் திருத்திக் களைத்தவள் நான். வீட்டுக்கு வந்ததும், ஏற்கனவே பாஸ் பண்ணிவிட்ட பாட்டுகளைத்தான் கேட்க விரும்பினேன். அதில் என்ன குற்றம்?

ஏழு தொகுப்பு எதற்கு என்றும் கேட்பார்கள். பன்னிரண்டு பாட்டு எல்லாவற்றிலும் ஒன்றுதான், உண்மை. ஆனால் வரிசை வேறு. ஒன்றில், ஆட்டப் பாட்டு முடிந்த கையோடு அழுகைப் பாட்டை வைத்திருப்பார்கள். அதை அடுக்கியவருக்கு இதயமே இல்லை. இன்னொன்றில் மிகப் பழைய பாட்டில் தொடங்கி ஒழுங்காக வருவார்கள், அந்தக் குரல்கள் கேட்கக் கேட்க வயதுக்கு வருவது தெரியும். கடைசி வருஷங்களில் அந்தக் குழுவில் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். தனித்தனியாக வந்து தங்கள் பகுதியைப் பாடிவிட்டுப் போய்விடுவார்களாம். தொகுப்பைக் கேட்டால் அது தெரியாது. அதில் எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்றால், ஒரு கசெட்டால் வந்தது. எங்கள் அப்பா ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர். கண்டிக்கு வந்த ஒரு சனிக்கிழமை, டவுனில் இருந்த ரெக்கோடிங் பாரில் வெற்றுக் கசெட் ஒன்றைக் கொடுத்து, நல்ல இங்கிலீஷ் பாட்டாகப் பிள்ளைகளுக்கு அடித்துத் தரச் சொல்லியிருக்கிறார். அந்த நாளில் அப்படித்தான். கடைக்காரரிடம் இசைத்தட்டு இருக்கும், நம்மிடம் கசெட் இருக்கும், நாலு நாள் கழித்துப் போனால் பாட்டு இருக்கும். அவர் அந்தக் குழுவின் தொகுப்பைப் பதிந்து தந்தார். இருபது பாட்டு, பக்கத்துக்குப் பத்து. ஆனால் இசைத்தட்டின் ஒரு பக்கம் கசெட்டின் ஒரு பக்கத்தைவிடக் கொஞ்சம் நீளம். பத்தாவது பாட்டில், இரண்டாம் முறை எல்லாருமாகச் சேர்ந்து குரலை உயர்த்தும் இடத்தில், நாடா முடிந்துவிட்டது. கடைக்காரர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. கசெட்டைத் திருப்பிப் போட்டு, பதினோராவது பாட்டிலிருந்து மறுபக்கத்தைத் தொடங்கிவிட்டார்.

எங்களுக்கு அந்தப் பாட்டு அவ்வளவுதான். நானும் என் தங்கச்சியும் குவார்ட்டர்ஸ் சமையலறையில் பாத்திரம் துடைத்தபடி அதைப் பாடுவோம். அந்த இடம் வந்ததும் சொல்லின் நடுவில் நிறுத்தி, நாடா முடிந்ததும் கசெட் ரேடியோவின் பொத்தான் தானாக மேலே எழும் சத்தத்தையும் நாக்கால் 'டக்' என்று போடுவோம். பாட்டை எழுதியவர்களே அப்படித்தான் எழுதினார்கள் என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். பிறகு சீடி வந்து முழுப் பாட்டையும் கேட்டபோது, யாரோ அனாவசியமாக நீட்டிவிட்டார்கள் என்றுதான் தோன்றியது.

தங்கச்சி என்னைவிட நாலு வயது இளையவள். நாற்பது தாண்டிப் புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் கனடாவுக்குப் போனாள். அவள் போய் ஐந்தாம் வருஷம் அம்மா படுக்கையில் விழுந்தார். அம்மா அப்போது கண்டியில் என் வீட்டில். ஏழு மாதம் நான்தான் பார்த்தேன். விடியக் காலை எழுந்து குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன், இரண்டு மணிக்கு ஓடி வருவேன். தங்கச்சி வருவாள் வருவாள் என்று இருந்தேன். அவள் வரவில்லை. அம்மா போன அன்று அழைத்துச் சொன்னபோது, லீவு கிடைக்கவில்லை என்றாள். எனக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வந்தது. சும்மாவே நான் கோபக்காரி, அன்றைக்குக் கேட்கவா வேண்டும்.

"லீவு கெடைச்சா அம்மா கல்லறையப் பார்க்க வா. என்னப் பார்க்க வர வேணாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அதன்பிறகு ஏழு வருஷம் நாங்கள் பேசவில்லை. போன ஆகஸ்ட்டில் அவள் வந்தாள். நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தாள். கடுகண்ணாவையில் புருஷனின் அண்ணன் வீட்டில் இறங்கினாள். பத்து நாளில் திரும்பிவிடுவாள் என்றும், கல்லறைக்கு மட்டும் போகவேண்டுமாம் என்றும் என் கணவர்தான் சொன்னார். அவருக்கு அவள் மெசேஜ் போட்டிருக்கிறாள். அவர் என்னைக் கேட்காமலே வேன் பிடித்துவிட்டு, "நீரும் போயிட்டு வாரும்" என்றார். முடியாது என்றேன். அதையும் முழுதாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, வேன் எட்டு மணிக்கு வரும் என்றார்.

எனக்கு அவள் வேண்டும். அதை யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எட்டு மணிக்கு முன்பே சேலை உடுத்து நின்றேன். இந்த ஒரு நாள் தப்பினால் இரண்டு பேருக்கும் இனிமேல் சந்தர்ப்பம் கிடைக்காது என்று தெரிந்திருந்தது. என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

வேன்காரர் அக்குறணைக்காரர், என் வயது இருக்கும். முதலில் கடுகண்ணாவைக்குப் போய் அவளை ஏற்றிக்கொண்டுதான் என் வீட்டுக்கு வந்தார். அவள் பின்னால் இருந்தாள், நான் முன் சீட்டில் ஏறினேன். "வாங்க அக்கா" என்றாள், என் வேனில் நானே ஏறுவதற்கு. "ம்" என்றேன். தலாத்துஓயா தாண்டும்வரை பேச்சு அவ்வளவுதான். நிலைமை வேன்காரருக்கும் விளங்கியிருக்க வேண்டும். பென் டிரைவ் ஒன்றைச் செருகினார்.

அதே குழு. எந்தத் தொகுப்பு என்று முதல் பாட்டிலேயே கண்டுபிடித்துவிட்டேன். என்னிடம் இருப்பதில் மூன்றாவது. அவரும் ரசிகர்தான், ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி, சத்தமாக, சொற்களில் பாதியைத் தானே இட்டு நிரப்பிப் பாடினார். அப்படிப் பாடுகிற மனிதருக்குப் பக்கத்தில் உம்மென்று உட்கார்ந்திருப்பது லேசில்லை. நான் முணுமுணுக்கத் தொடங்கினேன். பின்னாலும் முணுமுணுப்புக் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. வளைவுகள் ஏற ஏற மூன்று குரலும் ஏறின.

அந்தப் பாட்டும் வந்தது. நான் எதையும் நினைத்துச் செய்யவில்லை. இரண்டாம் முறை குரல் உயரும் இடத்தில், சொல்லின் நடுவில், என் வாய் மூடிக்கொண்டு நாக்கு 'டக்' என்றது. பின் சீட்டிலும் அதே கணத்தில் 'டக்'. வேன்காரர் மட்டும் தனியாக அடுத்த அடிக்குள் போய், ஆள் துணை இல்லாமல் நின்றுவிட்டார்.

"என்ன டீச்சர், ரெண்டு பேரும் நிப்பாட்டிட்டீங்க? பாட்டு இன்னும் பாதி ஈக்கி" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் அவள் சிரிக்கும் சத்தம் வேறு. சின்ன வயதில் மூக்கால் சிரிப்பாளே, அதே சிரிப்பு. கனடாவில் காரில் போகும்போதும் அந்த இடத்தில் நிறுத்திவிடுவாளாம், பிள்ளைகள் கேலி செய்வார்களாம். வேன்காரருக்கு ரெக்கோடிங் பார் கதையைச் சொன்னோம், அவளும் நானும் மாறி மாறி. அக்குறணையிலும் அப்படி ஒரு கடை இருந்ததாம். அங்கே கடைசிப் பாட்டை வெட்டமாட்டார்களாம், அது அவருக்குப் பெருமை.

சிரித்து முடிந்தபிறகு எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. தொகுப்பு போடுகிறவன் ஒரு குழுவின் பத்து வருஷத்திலிருந்து நல்லதை மட்டும் பொறுக்கி வைக்கிறான். நானும் ஏழு வருஷமாக ஒன்றைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதில் தங்கச்சியைப் பற்றி இருந்தது ஒரே ஒன்று, அந்தத் தொலைபேசி அழைப்பு. என்னோடு பாத்திரம் துடைத்தவள் அதில் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது பள்ளிக்கூடத்தில் என் வகுப்புக்கே போய் என் பாடத்தையும் எழுதிக்கொண்டு வந்தவள் இல்லை. பாட்டு விஷயத்தில் அவ்வளவு தாராளமாக இருந்த நான் இவள் விஷயத்தில் இப்படிச் செய்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

கல்லறை, அப்பா வேலை பார்த்த தோட்டத்தின் மாதா கோயிலுக்கு மேலே, தேயிலை முடிகிற இடத்தில். அப்பாவுக்குப் பக்கத்தில் அம்மா. புல்லைப் பிடுங்கினோம், மெழுகுதிரி ஏற்றினோம், காற்றில் அணைந்ததை மறுபடி ஏற்றினோம். ஒரு அருள்நிறை மரியே சொல்லி முடித்ததும் அவள் எழும்பவில்லை. கல்லைப் பார்த்தபடியே பேசினாள்.

"அக்கா, லீவு இல்லன்னு சொன்னது பொய். அப்ப எங்களுக்குப் பேப்பர் முடியல. நா வெளிய வந்தா திரும்பி உள்ள போக ஏலாது. புள்ளைங்க ரெண்டும் அங்க. அப்பவும் வர்றேன்னுதான் சொன்னேன். அம்மாதான் வராதன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

அம்மா எப்போது பேசினார் என்று கேட்டேன். நான் பள்ளிக்கூடம் போனபிறகு, கிழமையில் மூன்று நாள் அம்மாவே அழைப்பாராம். கடைசி மாதம் குரல் வராமல் போனபோது இவள் மட்டும் பேசுவாளாம், அம்மா கேட்டுக்கொண்டிருப்பாராம். நான் தினமும் தலையணையைத் தட்டிப்போடும்போது போன் அதற்குக் கீழே சூடாக இருந்திருக்கும். எனக்குத் தெரியாது.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"அம்மா சொல்ல விடல. அக்காகிட்ட லீவு இல்லன்னு சொல்லிரு, கத்திட்டு விட்டுருவான்னாங்க. அம்மாவுக்கு ஒங்களக் கண்டா பயம் அக்கா."

ஏழு மாதம் கையில் வைத்துப் பார்த்தவளுக்குப் பயந்துகொண்டு அம்மா படுத்திருந்திருக்கிறார். கத்திவிட்டு விட்டுவிடுவேன் என்று அம்மா நினைத்தது மட்டும் பிழையாகிவிட்டது. நான் கத்தினேன், விடவில்லை. அந்த மண்ணின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். தங்கச்சி என் தோளைப் பிடிக்கலாமா வேண்டாமா என்று கையை நீட்டியபடி நின்றாள். அவளுக்கும் என்னிடம் பயம்தான், அப்போதுதான் கண்டேன்.

மன்னிப்பு என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கும் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "கடுகண்ணாவைக்குப் போய்ப் பெட்டிய எடு. மிச்ச நாள் என் வீட்ல இரு" என்றேன்.

வகுப்பில் பின் வரிசையை அதட்டுகிற அதே குரலில் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் முகம் சுருங்கியது.

"வாம்மா" என்று இரண்டாம் தரம் மெதுவாகச் சொன்னேன்.