கல்தலையனின் எட்டாவது தட்டு

இலக்கியாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவள் கணவன் ரகுநாத்தைத் திட்டாமல் எழுத எனக்கு வரவில்லை. கீரமங்கலம் கடைகளுக்கு நானும் அவளும் அவள் வீட்டுக் கூடத்தில்தான் பூக்கட்டுகிறோம். அந்த ஐந்து மாதக் கொடுமையை நானும் சேர்ந்து அனுபவித்தேன்.

ஷார்ஜாவிலிருந்து திரும்பியவன் ஒரு கேம் பெட்டியையும் பெரிய ஸ்பீக்கரையும் டிவியில் மாட்டினான். பல் விளக்கியதும் உட்கார்ந்துவிடுவான். பாதாளக் கோட்டையின் கடைசி வாசலில் கல்தலையன் என்று ஓர் அரக்கன். அவன் சுத்தியலை ஓங்குவான், இவன் சாவான், மறுபடி முதலிலிருந்து. கத்தாரில் வேலை தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பாஸ்போர்ட்டைக் கொடுக்காவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று ஏஜெண்டு சோலையப்பன் நாலு முறை போன் செய்துவிட்டார். "இவன சாய்க்காம வீட்ட விட்டு நகர மாட்டேன்" என்று நம் ரகுநாத் துரை சபதம் போட்டிருந்தார். இலக்கியாவுக்கோ அவன் போய்த் தொலைந்தால் போதும். என்னிடம் அப்படியேதான் சொன்னாள், நானும் தப்பென்று சொல்லவில்லை.

அந்த இரைச்சலில் இசையைக் கேட்காமல் தப்பிக்க முடியாது. இரண்டு பூ இங்கிட்டு, இரண்டு பூ அங்கிட்டு, நூலால் ஒரு சுற்று, ஒரு இழுப்பு என்று எங்கள் வேலையே நாலு தட்டுத் தாளம். கல்தலையன் சண்டைக்கு வரும் இசை எட்டுத் தட்டுக்கு ஒருமுறை, அதாவது எங்கள் இரண்டு கட்டுக்கு ஒருமுறை, சுற்றி வரும். இலக்கியாவின் கை தானாக அதோடு ஓடும். ஆனால் அவள் கட்டிய சரத்தில் பூ உதிர்கிறது என்று கடையில் திட்டு விழுந்தது. பிரித்துப் பார்த்தாள். உதிர்ந்த இடத்திலெல்லாம் கடைசி இழுப்பு இல்லை.

"அக்கா, பாட்டுல சில சுத்துல மட்டும் ஒரு தட்டு கொறையுது," என்றாள். "கொம்பு ஊதுற சத்தம் இழுத்துக்கிட்டே நிக்கும், வயலின் ஒரு படி மேல ஏறும், எட்டாவது தட்டு விழாது. அடுத்த சுத்து முந்திக்கிட்டு வந்துரும். கை இழுக்காமலே அடுத்த பூவுக்குப் போயிருது."

நான் நம்பவில்லை. டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அடி எங்கே விழும் என்று பத்து முறை சொன்னாள். பத்தும் சரி. அரக்கன் ஓங்குவது எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். எட்டாவது தட்டு விழுந்தால் அடி காலுக்கு வரும், குதிக்க வேண்டும். விழாவிட்டால் தலைக்கு, குனிய வேண்டும். இதை அவன் ஐந்து மாதமாகக் கேட்கவே இல்லை.

வியாழக்கிழமை அவனிடம் சொன்னாள்.

"பூக்கட்டுறவ எனக்கு கேம் சொல்லித் தாரியா? வாய மூடிக்கிட்டு வேலையப் பாருடி."

அடுத்த ஆட்டத்தில் வயலின் ஏறியது. "குனிங்க!" என்றாள். வேண்டுமென்றே குதித்தான், செத்தான். மூன்று முறை இப்படியே. மூன்றாம் முறை கேம் ரிமோட் பூக்கூடையில் வந்து விழுந்தது.

"நீ வாயத் தொறந்தாலே வெளங்காதுடி!"

எனக்கு அவனை அந்த ஸ்பீக்கராலேயே மண்டையில் போடலாம் போலிருந்தது. இலக்கியா ரிமோட்டை எடுத்து மரியாதையாக நீட்டினாள். மறுபடி வயலின் ஏறியபோது "குதிங்க!" என்றாள். அவன் குனிந்தான். சுத்தியல் தலைக்கு மேலே போனது. எட்டாவது தட்டு விழுந்தபோது "குனிங்க!" என்றாள், குதித்தான். கடைசிவரை அவள் மாற்றிச் சொன்னாள், அவன் மாற்றிச் செய்தான். கல்தலையன் சாய்ந்தான்.

"பாத்தியா? ஒன் பேச்சக் கேட்டிருந்தா செத்துருப்பேன்!"

அப்போது ஐந்து மாதமும் நாங்கள் கேட்டிராத ஒன்று வந்தது. அதே மெட்டுதான், மத்தளம் இல்லாமல் மெதுவாக. கொம்பு இறங்கி நின்றது, வயலின் ஏறியது, இத்தனை நாள் விழாத அந்த இடத்தில் எட்டாவது தட்டு ஒரு சின்ன மணியாக விழுந்தது. இலக்கியாவின் கை நின்றுவிட்டது. நானும் நூலைக் கீழே வைத்தேன்.

"நிறுத்தாதீங்க," என்றாள்.

அவன் நிறுத்தினான்.

"ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்துட்டு கத்தாரப் பத்தி யோசிப்போம்," என்று சோம்பல் முறித்தான். அவள் இருண்ட டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் கொட்டியது.

"நாளைக்குப் போயி பாஸ்போர்ட்டக் குடுத்துராதீங்க," என்றாள். "என்னால தனியா இருக்க முடியாது."

"அழுது காரியம் சாதிக்கப் பாக்குறியா? போகத்தான் போறேன்!" அந்த நிமிஷமே சோலையப்பனுக்குப் போன் போட்டான்.

அழுகை நிஜம்தான். அது பாதியில் நின்றுபோன அந்தப் பாட்டுக்காக.